உரை அகழ்வும் ஆன்டாலஜியும்: உயிரியல் தரவுத் தொகுப்பின் புதிய வழி

ஓர் ஆய்வு முடிவு இதழில் அச்சேறிவிட்டால் மட்டும் மற்ற ஆய்வாளருக்குப் பயன்பட்டுவிடாது. எந்த மரபணு, அது செய்யும் வேலை என்ன, செல்லில் எங்கே, எந்தச் சோதனை அதை மெய்ப்பித்தது என்று ஒருவர் படித்துத் தரவுத்தளத்தில் பதிய வேண்டும். 1986இல் அமோஸ் பைரோக் தொடங்கிய சுவிஸ்-புரோட் என்னும் புரதத் தரவுத்தளம் இத்தகைய கைப்பதிவுக்கு முன்னோடி. ஆனால் மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் குறிப்புத் தளமான பப்மெட்டில் இன்று 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. தொகுப்பாளர் சிலரால் படித்து மாளாது. அதனால்தான் நிரலைப் படிக்கவைக்கும் உரை அகழ்வு வந்தது.

முதல் சிக்கல் பெயர். 1910இல் மார்கன் கண்டறிந்த பழ ஈ மரபணுவின் பெயர் ‘ஒயிட்’. ஆங்கிலக் கட்டுரையில் அச்சொல் மரபணுவா, வெறும் வெள்ளை நிறமா என்பது நிரலுக்குப் புலப்படாது. சி. எலிகன்ஸ் புழுவை ஆய்ந்தவர்களோ சில எழுத்து, ஒரு சிறுகோடு, ஓர் எண் என்று பெயரிடலுக்கு விதி வகுத்தனர். டாஃப்-16, அன்க்-54 போன்றவற்றை நிரல் எளிதில் இனங்காணும்.

அடுத்தது பொருள். ஈ, ஈஸ்ட், எலி ஆகியவற்றின் தரவுத்தளங்கள் சேர்ந்து 1998இல் ஜீன் ஆன்டாலஜியைத் தொடங்கின. நிகண்டு போல ஒரு பொருட் பல சொல்லைத் திரட்டுவதோடு அது நிற்பதில்லை. கருத்துகளுக்கு இடையிலான உறவையும் வரையறுக்கிறது. உட்கருவுக்கு 0005634 என்று எண். உட்கருமணி அதன் ‘பகுதி’ என்று பதிவாகியிருப்பதால், உட்கருமணியில் உள்ள புரதம் உட்கருவைத் தேடுவோருக்கும் கிடைக்கும்.

இவ்விரண்டையும் இணைத்தது கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி 2004இல் வெளிவந்த டெக்ஸ்ட்பிரெசோ என்னும் உரை அகழ்வு நிரல். மரபணுப் பெயர், செல் உறுப்பு, சோதனைச் சொல், வினை நான்கும் ஒரே வாக்கியத்தில் கூடினால் அதைத் தொகுப்பாளர் முன் வைக்கலாம். இம்முறையால் பணித்திறன் குறைந்தது 8 மடங்கு உயரும் என்று சி. எலிகன்ஸ் தரவுத்தளமான வார்ம்பேஸின் குழுவினர் 2009இல் எழுதினர்.

ஆனாலும் வாக்கியம் கிடைப்பது வேறு, சான்று கிடைப்பது வேறு. இன்சுலின் சமிக்ஞை குறைந்தால் டாஃப்-16 புரதம் உட்கருவுக்குள் செல்லும். நன்கு உண்ட புழுவில் பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் தங்கும். ‘உட்கருவில் காணப்பட்டது’, ‘காணப்படவில்லை’, ‘காணப்படலாம்’, ‘முன்பே பிறர் கண்டது’ ஆகிய நான்கு வாக்கியங்களிலும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. இவற்றுள் படிக்கப்படும் ஆய்வுக் கட்டுரையின் சொந்தச் சோதனையைச் சொல்வது எது என்பதை அதிலுள்ள படம் வரை சென்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.

ஆகவே தானியக்கத்தின் நாணயம் சான்றுக் குறியீட்டில் இருக்கிறது. நேரடிச் சோதனையால் அறிந்ததையும், மனிதர் பாராமல் கணினி ஏற்றியதையும் ஜீன் ஆன்டாலஜி தனித்தனியே குறிக்கிறது. இவ்வேறுபாடு அழிந்தால் ஒரு நிரலின் ஊகம் அடுத்த நிரலுக்குப் பாடமாகிப் பிழை பெருகும். வார்ம்பேஸ் அண்மைக்காலத்தில் நிரல் எடுத்த விவரங்களைப் படிவமாக்கிக் கட்டுரையாசிரியருக்கே அனுப்பிச் சரிபார்க்கக் கேட்கிறது. நிரல் முன்மொழிய, சோதனை செய்தவர் உறுதிசெய்ய, தொகுப்பாளர் தீர்மானிக்கும் இந்த முறையே மற்றத் தரவுத்தளங்களும் பின்பற்றத்தக்கது.