ஊரிகம்: தங்கவயலின் நாட்டுடைமை வரலாறு

ஊரிகம், கர்நாடகத்தில் பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள கோலார் தங்கவயலின் ஒரு பகுதி. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்கம் என்ற நான்கு பெரிய சுரங்கங்களில் ஒன்று இவ்வூரின் பெயரைத் தாங்கியது. கன்னட மாநிலத்துக்குள் தமிழ் பேசும் தொழிலாளர் நகரமாக வளர்ந்த இவ்வயலிலிருந்து, 1880 தொடங்கி 2001 வரை சுமார் 800 டன் தங்கம் வெட்டி எடுக்கப்பட்டது. அந்தத் தங்கம் யாருடையது, அதன் விலையைச் சொல்வது யார், அதை எடுக்கும் அறிவு எவர் கையில் இருந்தது என்ற மூன்று கேள்விகளே இவ்வயலின் அரசியல் வரலாறு. முதல் கேள்விக்கு 1956-இல் விடை கிடைத்தது. மற்ற இரண்டும் அவ்வளவு எளிதில் தீரவில்லை.

ஆங்கிலேயர் வருமுன்பே இங்கு தங்கம் எடுக்கப்பட்டது. 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி, இப்பகுதியில் பொன் கிடைப்பதாகக் கேள்விப்பட்டுப் பரிசு அறிவித்தார். ஊரிகத்து மக்கள் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே அலசிப் பொன்துகளைப் பிரித்துக் காட்டினார்கள். தங்கவயலைக் 'கண்டுபிடித்தவர்' என்று வாரனின் பெயரைச் சொல்லும் நூல்கள், அவருக்குக் காட்டிக்கொடுத்தவர்களின் பெயரைக் குறித்துவைக்கவில்லை.

நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பி பெங்களூரில் தங்கிய அயர்லாந்துக்காரர் மைக்கேல் லவேல், 1870களில் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை பெற்றார். பணம் போதாமல் அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்தார். 1880-இல் லண்டன் நிறுவனங்கள் வரிசையாகப் பதிவாயின. அவற்றின் சுரங்க நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஒரே குழுமத்தின் கைக்குப் போனது. முதல் சில ஆண்டுகள் நட்டம். மைசூர் கம்பெனி கடையைக் கட்டும் நிலைக்கு வந்தபோது, கேப்டன் பிளம்மர் பழைய குழிகளைத் தொடர்ந்து தோண்டிச் சாம்பியன் ரீஃப் என்ற பொன் படிவத்தை எட்டினார். வயலின் தலையெழுத்து அங்கே மாறியது.

ஊரிகம் கம்பெனியும் அப்படித்தான் தள்ளாடியது. 1885-இல் பணம் திரட்ட, ஒரு பவுண்டு மதிப்புள்ள முன்னுரிமைப் பங்குகளில் 15 ஷில்லிங் ஏற்கெனவே செலுத்தப்பட்டதாகக் கணக்கெழுதி, வெறும் 5 ஷில்லிங்குக்கு விற்றது. பின்னர் ரோப்பர் என்ற பங்குதாரர் தொடுத்த வழக்கு பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை போயிற்று. பங்கை அதன் முகமதிப்புக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று 1892-இல் தீர்ப்பானது. இன்றும் கம்பெனிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இத்தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஊரிகத்து மண்ணைப் பற்றிய வழக்கில் வாதியும் பிரதிவாதியும் லண்டனில் இருந்தார்கள் என்பதே அக்காலத்து உடைமையைப் பற்றி வேண்டிய அளவு சொல்லிவிடுகிறது. மைசூர் அரசுக்குக் கிடைத்தது ராயல்டி. லாபப் பங்கு கடல் கடந்தது.

குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் வடஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் மிகுதியானோர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட தலித் மக்கள். தங்கத்தை வைத்திருந்தாலே குற்றம் என்று கருதும் தனிச் சட்டம் அவர்கள் மீது இருந்தது. லைன் வீடு என்ற ஒற்றை அறைக்குள் குடும்பம். மேட்டில் வெள்ளையரின் பங்களாவும் கிளப்பும். ஆனால் கிராமத்தின் சாதிக் கட்டிலிருந்து விலகி வந்து கூலியைக் காசாகப் பெற்றவர்கள் என்பதால், அரசியல் இவர்களிடம் விரைவாக வேர்விட்டது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் மறைந்த பின், 1920களின் பிற்பகுதியில் அவர் நடத்திவந்த 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் வெளிவந்தது. 1930-இல் கைரேகை பதிவு செய்ய மறுத்துத் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக அன்றி, தங்களைக் குற்றவாளிகளைப்போல் பதிய வைப்பதை எதிர்த்து நடந்த அப்போராட்டம் இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. 1940களில் கே.எஸ். வாசன் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் சங்கத்தைக் கட்டினார்கள். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். சுரங்கங்களை அரசே ஏற்க வேண்டும் என்ற குரல் இத்தகைய போராட்டங்களிலிருந்து எழுந்தது.

தொழில்நுட்பத்தில் மைசூர் அரசு முதலில் எடுத்த பெரிய அடி மின்சாரம். காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, பொறியாளர் ஜோலி டி லோத்பினியேர் மேற்பார்வையில் கட்டிய நிலையம் 1902 ஜூனில் மின்சாரம் அனுப்பியது. 147 கி.மீ. நீளமுள்ள அந்தக் கம்பி அன்றைய உலகில் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று. மின்பொறிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்தும், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்திலிருந்தும் வந்தன. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்றாண்டு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் கிடைத்தது. அரசு விற்றது, கம்பெனி வாங்கியது. லண்டன் முதலாளிகள் மைசூருக்குப் பணம் கொடுத்தே தீர வேண்டிய உறவு ஒன்று இதனால் உண்டானது.

விடுதலைக்குப் பின்னும் ஒன்பது ஆண்டுகள் டெய்லர் கம்பெனியே சுரங்கங்களை நடத்தியது. 1956-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் தங்கச் சுரங்கத்தை அரசுக்கே உரிய தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. மைசூர்ச் சட்டமன்றம் கையகப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றி, இழப்பீடு கொடுத்து, 1956 நவம்பர் இறுதியில் சுரங்கங்களை ஏற்றது. ஆறு ஆண்டு கழித்து, சீனப் போர் முடிந்த கையோடு, 1962 டிசம்பரில் மத்திய நிதி அமைச்சகம் அவற்றைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாயின் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அந்நியச் செலாவணிக்கு நாடு தவித்த காலம் அது.

இங்கிருந்து விலை என்னும் சிக்கல் தொடங்குகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் தங்கவயல் 'நட்டத்தில் ஓடியது' என்ற பேச்சை மதிப்பிட முடியாது. அமெரிக்க அரசு 1934-இல் ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று நிர்ணயித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைந்த பன்னாட்டு நாணய நிதியம் அதையே உலகின் அதிகாரபூர்வ விலையாக ஏற்றது. அக்கணக்கில் 10 கிராமின் மதிப்பு சுமார் 53 ரூபாய் 58 காசு. 1966-இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பின் 84 ரூபாய் 39 காசு. இந்தியக் கடைத்தெருவில் அதே 10 கிராம் இரு மடங்கு விலைக்கு விற்றது. தங்கவயல் தன் தங்கத்தை அதிகாரபூர்வ விலைக்கே அரசிடம் ஒப்படைத்தது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வெட்டி எடுத்த பொருளைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்த வித்தியாசத்தை நட்டம் என்று எழுதிக்கொண்டது. சுரங்கம் இந்தியருடையதாகிவிட்டது. விலைச் சீட்டு வாஷிங்டனில் எழுதப்பட்டது.

டாலரின் இந்த ஆதிக்கம் ஐரோப்பாவையும் உறுத்தியது. 1965 பிப்ரவரி 4 அன்று பிரெஞ்சு அதிபர் சார்ல் தெகோல் செய்தியாளர்கள் முன்னிலையில், எந்த ஒரு நாட்டின் முத்திரையும் இல்லாத தங்கமே உலக வணிகத்துக்கு அடிப்படையாக வேண்டும் என்று வாதிட்டார். பிரான்ஸ் தன் கையிருப்பு டாலர்களைக் கொடுத்துத் தங்கமாக மாற்றிக்கொண்டது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலரைத் தங்கமாக மாற்றும் அந்த வழியை மூடினார். பிரான்சிடம் மாற்றிக்கொள்ள டாலர் குவிந்திருந்தது. அந்த வசதி இல்லாத இந்தியா, 35 டாலர் கணக்கின் சுமையைத் தன் சொந்தச் சுரங்கத்தின் மீதே இறக்கி வைத்தது.

1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. அதற்குள் உயர்தரத் தாது பெரிதும் தீர்ந்திருந்தது. சாம்பியன் ரீஃபின் ஆழம் 3,200 மீட்டர். அடித்தளப் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாளாமல் பாறை வெடித்துச் சிதறும் விபத்துகள் மேலே இருந்த வீடுகளையும் அசைத்தன.

ஆனால் அறிவுத் துறையில் தங்கவயல் உண்மையாகவே தன் காலில் நின்றது. இதைத்தான் இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதியாகக் கொள்ள வேண்டும். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகாந்தன், வி.எஸ். நரசிம்மம் ஆகியோர் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் அறிஞர்களோடு சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில் கருவிகளை நிறுவினார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களின் தடயத்தை 1965-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் அமெரிக்கர் ஃபிரெடெரிக் ரெய்ன்ஸின் குழுவும் அதே ஆண்டில் அதைக் கண்டது. அமெரிக்க ஆய்வாளர்களோடு தோளுரசி நின்ற அந்த வெற்றியில், கருவிகளைச் சுமந்து இறங்கிய சுரங்கத் தொழிலாளர்களுக்கும் பங்குண்டு. பாறை வெடிப்பைக் கணிக்கும் ஆய்வு இங்கேயே வளர்ந்து, 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமாகத் தங்கவயலில் அமைந்தது. 1964-இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ், ஜப்பானின் கோமட்சு போன்ற நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவியோடு இங்கு புல்டோசர்களைக் கட்டியது. மண்ணைத் தோண்டும் இயந்திரத்துக்குப் பிற நாடுகளை எதிர்பார்த்திருந்த நிலை படிப்படியாகக் குறைந்தது. தங்கவயலில் இன்றும் இயங்கும் பெரிய தொழிற்சாலை இதுவே.

1991-இல் அடகு வைத்துக் கடன் பெறுவதற்காக ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை லண்டனுக்கு விமானத்தில் அனுப்பியது. நாட்டுக்குத் தங்கம் எவ்வளவு இன்றியமையாதது என்று ஊரே பேசிய அதே பத்தாண்டில், தங்கவயலை மூடும் முடிவை நோக்கி அரசு நடந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆழ்சுரங்க வேலையில் மூன்று, நான்கு தலைமுறையாகத் தேர்ந்த தொழிலாளர்களுக்கு அதே திறனைப் பயன்படுத்தும் வேலை எதையும் அரசு ஏற்பாடு செய்யவில்லை. நுரையீரலில் சிலிக்காத் தூசியோடு வீட்டுக்குப் போனவர்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் அதிகாலை ரயிலேறி, ஊரிகம் வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

எஞ்சியிருப்பவை சயனைடு மேடுகள்: தாதுவை அரைத்துத் தங்கம் பிரித்த பின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட தூள். அதில் இன்னும் தங்கம் இருக்கிறது. கோடைக் காற்றில் பறந்து லைன் வீடுகளுக்குள் படிவதும் அதுவே. சுரங்கத்தைத் தங்கள் கூட்டுறவுச் சங்கத்திடமே ஒப்படைக்க வேண்டும் என்று முன்னாள் தொழிலாளர்கள் கோரினார்கள். மத்திய அரசோ உலகளாவிய டெண்டர் விடத் தீர்மானித்தது. அதற்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. தொழிலாளர் கேட்ட உரிமை இன்னும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.