அடகும் ஜாமீனும்

கடன் வாங்காதே, வரவுக்குள் செலவு செய், பத்தில் ஒன்றைக் கர்த்தருக்குக் கொடு. பணத்தைப் பற்றிச் சபைகளில் நாம் கேட்கும் போதனை பெரும்பாலும் கடன் வாங்குகிறவனுக்கே சொல்லப்படுகிறது. மோசேயின் சட்டமோ கடன் கொடுக்கிறவனை நிறுத்தி வைத்துப் பேசுகிறது. ஏழையிடம் வட்டி வாங்கக் கூடாது. அவன் மாவரைக்கும் திரிகைக் கல்லை ஈடாகப் பிடிக்கக் கூடாது. அடகு வாங்கப் போனால் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும். ஏழையின் போர்வையை வாங்கியிருந்தால் பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாத்திராகமத்திலும் உபாகமத்திலும் இவை இருக்கின்றன.

இந்த அக்கறையை ஒரு நிறுவனமாகவே நடத்திக் காட்ட முயன்றவர்கள் கிறிஸ்தவ வரலாற்றில் உண்டு. அந்த முயற்சிகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று இத்தாலியின் பிரான்சிஸ்கன் துறவிகள் தொடங்கிய அடகு நிதி. மற்றது ஜெர்மனியில் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன் தொடங்கிய கடன் சங்கம்.

1462-இல் பெருஜியா நகரில் மிக்கேலே கர்கானோ என்ற துறவியின் பிரசங்கத்தை ஒட்டி ‘மோந்தே தி பியெத்தா’ என்ற அடகு நிதி உருவானது. ஏழை தன் மேலங்கியையோ பாத்திரத்தையோ கொண்டுவருவான். மதிப்புப் போட்டு, அதில் ஒரு பங்கைக் கடனாகத் தருவார்கள். தவணைக்குள் மீட்காவிட்டால் பொருள் ஏலத்துக்குப் போகும்; கடன் போக மிஞ்சியது உடையவனுக்கே சேரும். எழுத்தர் சம்பளத்துக்கும் இடத்துக்கும் சிறு வட்டி, பெரும்பாலும் ஆண்டுக்கு 5 விழுக்காட்டை ஒட்டி. அந்தச் சிறு வட்டிக்கே பெரிய சண்டை நடந்தது. டொமினிக்கன் இறையியலாளர் கயெத்தான் 1498-இல் எதிர்த்து நூல் எழுதினார். நடத்தும் செலவுக்காக மட்டும் வாங்குவது பாவமல்ல என்று 1515-இல் ஐந்தாம் லாத்தரன் திருச்சங்கம் தீர்த்து வைத்தது.

இந்த நற்செயலில் ஒரு கறையும் உண்டு. பெர்னர்தீனோ தா பெல்த்ரே போன்ற பிரசங்கிகள் அடகு நிதிக்கு ஆதரவு திரட்டும்போதே வட்டிக்குக் கொடுத்த யூதர்களைச் சாக்கிட்டு அந்த இனத்தின்மேலேயே வெறுப்பையும் விதைத்தார்கள். வட்டிக் கொடுமையை எதிர்ப்பதற்கு ஓர் இனத்தைப் பகையாக்கியதை எந்த நன்மையும் ஈடுசெய்யாது.

ரைபைசன் துறவி அல்ல. புராட்டஸ்டன்ட் பக்தியில் வளர்ந்த உள்ளூர் நிர்வாகி. 1818-இல் பிறந்தவர், 1845-இல் வெஸ்டர்வால்ட் பகுதியில் வையர்புஷ் வட்டாரத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டே விளைச்சல் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் கையில் காசு இல்லாத குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அரசு அனுப்பிய தானியத்தை ரொக்கத்துக்குத்தான் விற்க வேண்டும் என்பது உத்தரவு. ரைபைசன் அதைக் கடனுக்குக் கொடுத்தார். வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி, பொது அடுப்பில் ரொட்டி சுட வைத்து, அறுவடைக்குப் பிறகு தரலாம் என்று கொடுத்தார்.

பிறகு பிளாமர்ஸ்பெல்டிலும் ஹெட்டஸ்டார்பிலும் பணக்காரர்களின் தர்மத்தை நம்பியே சங்கங்கள் அமைத்தார். சில ஆண்டுகளில் கொடையாளிகள் சலித்துப் பின்வாங்கினார்கள். என் பார்வையில் ரைபைசனின் பெருமை தொடங்குவது இங்கேதான். தர்மம் தளர்ந்ததும் அவர் விட்டுவிடவில்லை. கடன் வாங்குகிறவர்களையே சங்கத்தின் உடைமையாளர்களாக்கினார். 1864-இல் ஹெட்டஸ்டார்பில் அமைந்த சங்கத்தில் ஒருவர் கடனுக்கு எல்லாரும் தங்கள் முழுச் சொத்தோடும் பொறுப்பு. சங்கத்தின் எல்லை, ஒருவரையொருவர் அறிந்த ஊர்களைத் தாண்டாது. கணக்கரைத் தவிர நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. லாபம் பங்கு பிரிக்க முடியாத பொது நிதிக்குப் போகும்.

வேறுபாடு இங்கே தெளிகிறது. துறவிகள் பொருளை ஈடாக வைத்தார்கள்; ரைபைசன் மனிதனின் வார்த்தையையும் அண்டை வீட்டாரின் ஜாமீனையும் ஈடாக ஏற்றார். அடகு வைக்க எதுவும் இல்லாதவனுக்குப் பெருஜியாவில் இடமில்லை. அதே சமயம், அங்கே ஊர் முன்னால் கூச வேண்டியதில்லை. பொருளை வைத்தால் போதும். ரைபைசன் சங்கத்திலோ எதற்குக் கடன், ஒழுங்காக உழைக்கிறானா என்று கமிட்டி விசாரிக்கும். அந்த விசாரணை சிலரை நிச்சயம் வருத்தியிருக்கும். ஆனாலும் கடனாளியை நம்பத்தக்க மனிதனாக நடத்தியது அதுதான். பெருஜியாவில் அவன் வாடிக்கையாளன், ஹெட்டஸ்டார்பில் உறுப்பினன். வேதத்தின் அக்கறைக்கு ரைபைசனே அருகில் நிற்கிறார் என்பது என் முடிவு.

நமக்கும் இதில் பங்குண்டு. சென்னை மாகாணத்தில் விவசாயிகளின் கடன் துயரை ஆராய்ந்த அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன், 1890-களில் தந்த அறிக்கையில் இங்கும் ஒரு ரைபைசன் தேவை என்றே வற்புறுத்தினார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் பதிவானது. இன்று நம் கூட்டுறவுச் சங்கங்களின் வாசலில் தாலிச் சங்கிலியும் கம்மலுமாக நிற்கும் பெண்களைப் பாருங்கள். நகைக்கடன்தான் அங்கே பெரிய வேலை. ஐந்து சவரன் வரை நகைக்கடனை அரசு 2021-இல் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. ரைபைசனின் வாரிசு பெருஜியாவின் வழிக்கே திரும்பிவிட்டது. நகையும் இல்லாதவன் கந்துவட்டிக்காரனிடம் போகிறான்.

அவன் நம் சபைகளில்தான், பின்வரிசையில், உட்கார்ந்திருக்கிறான். கட்டட நிதிக்கும் கன்வென்ஷனுக்கும் காணிக்கை சேர்க்கத் தெரிந்த நமக்கு, கணக்குப் பார்க்கத் தெரிந்த மூப்பர்களும் ஒருவரையொருவர் அறிந்த குடும்பங்களும் இருக்கிறார்கள். போதகர்களே, மூப்பர்களே, பங்குத்தந்தையரே: அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு கடன் நிதியைச் சட்டப்படி பதிவு செய்து தொடங்குவதைப் பேச்சுக்கு எடுங்கள். முதல் கடனை, மீட்டர் வட்டியில் சிக்கியவனை விடுவிக்கக் கொடுங்கள்.