வள்ளியின் குரல், ஔவையின் உடல்

இத்தாலிய ஓபராவில் சோப்ரானோ என்பது பெண்குரல்களில் ஆக உயர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாமல், வாத்தியக் கூட்டத்தைத் தாண்டி, கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டிய குரல். கதாநாயகி வேஷம் பெரும்பாலும் அதற்குத்தான். இதற்கு நம்மிடம் இணை தேடுகிறவர்கள் சபாக் கச்சேரிகளில் போய்த் தேடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தேட வேண்டிய இடம் ஸ்பெஷல் நாடகக் கொட்டகை. ஆள், கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் (1908–1980).

கொங்கு நாட்டுக்காரியைப் பற்றி எழுத ராமநாதபுரத்தானுக்கு என்ன பாத்தியதை என்று கேட்கலாம். இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு நாடகக்காரர்களுக்குக் கொழும்பு இன்னொரு மதுரை மாதிரி ஆகிப்போனது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியப் பெட்டி எல்லாம் எங்கள் கரை வழியாகப் போய்வந்த சரக்குகள்தாம். தேயிலைத் தோட்டத்துச் சனங்களும், இந்தக் கரையிலிருந்து போன வியாபாரிகளும் அங்கே டிக்கெட் வாங்கினார்கள். ரயிலில் பாடித் திரிந்த சிறுமி, வேலு நாயர் கம்பெனி வழியாக மேடையேறி, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தது 1926இல், கொழும்பில்தான். நாடகம், வள்ளித் திருமணம்.

இங்கே சுருதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓபராவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும்போது இசையமைப்பாளர் இருவருக்கும் தனித்தனி ஸ்தாயிகளில் ஸ்வரம் எழுதிக் கொடுத்துவிடுவார். நம் மேடையில் அந்தச் சலுகை கிடையாது. கால் ஆர்மோனியம் தருகிற ஒரே சுருதியில் இரண்டு பேரும் ஏறியாக வேண்டும். கச்சேரி வித்வான்கள் பலர் அதைவிடத் தாழ்ந்த சுருதியில் நின்றபோது கிட்டப்பா ஐந்து கட்டைக்கும் மேலே நின்றார். ஆகவே அந்த ஜோடியில் ஆணுக்காகப் பெண்குரல் இறங்கவில்லை. மேடையில் இப்படி ஒரு சமம். மேடைக்குக் கீழே கதை வேறு. கிட்டப்பா பிராமணர், ஏற்கெனவே மணமானவர். 1927இல் மாயவரத்தில் இவரோடு கல்யாணம். பிணக்கு, பிரிவு. 1933 டிசம்பரில் 27 வயதில் கிட்டப்பா செத்துப்போனார். சுந்தராம்பாளுக்கு 25. வெள்ளைச் சேலைக்கு மாறியவர், இனி ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவுசெய்தார்.

பிரெஞ்சுப் பெண்ணியரான காதரீன் கிளமான் 1979இல் ஒரு நூல் எழுதினார். ஓபராவின் கதாநாயகிகள் கடைசி அங்கத்தில் ஏன் சாகடிக்கப்படுகிறார்கள் என்பது அவர் கேள்வி. வியோலெட்டா காசநோயில் சாகிறாள், தோஸ்கா கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கிறாள், பட்டர்ஃப்ளை கத்தியால் குத்திக்கொள்கிறாள். திரை விழுந்ததும் பாடகி எழுந்து வந்து கைதட்டல் வாங்கிக்கொள்கிறாள். நமக்கு இது தலைகீழ். கதையில் வள்ளிக்குக் கல்யாணம். இளமையைக் கழற்றி வைக்க வேண்டியவள் பாடகி.

படங்களைப் பாருங்கள். 1935இல் நந்தனார்: ஒரு லட்ச ரூபாய் கொடுத்து அழைத்து வந்து, ஆண் வேஷம். 1940இல் மணிமேகலை, பிக்குணி. 1953இல் ஜெமினியின் ஔவையார். 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், சமணத் துறவி. அடுத்த வருஷம் திருவிளையாடலில் மறுபடியும் ஔவை. அத்தனையும் காமம் நீக்கப்பட்ட உடல்கள். கல்யாணம் வேண்டாமென்று தெய்வத்திடம் முதுமையை வாங்கிக்கொண்ட பெண்ணின் கதைக்கு இவரைவிடப் பொருத்தமாக யார் கிடைப்பார்கள்? குரலைக் கேட்கத் தயாராக இருந்த சமூகம், அந்தக் குரல் எந்த உடலிலிருந்து வரலாம் என்பதைத் தான் தீர்மானித்துக்கொண்டது.

இதோடு நிறுத்தினால் அவரை வெறும் பலியாக்கிவிடுவோம். பத்தினிக் கதையாக்கிக் கண்ணீர் விடுகிறவர்களும் வேறு விதத்தில் அதைத்தான் செய்கிறார்கள். அந்த வெள்ளைச் சேலை ஒரு அனுமதிச் சீட்டும்கூட. அதை உடுத்திக்கொண்டுதான் சம்பளம் பேசினார், சத்தியமூர்த்தி அழைத்த காங்கிரஸ் மேடைகளில் கூட்டம் சேர்த்தார், 1958இல் சென்னை மேலவைக்குப் போனார். சினிமாவிலிருந்து இந்தியச் சட்டமன்றம் ஒன்றுக்குள் முதலில் நுழைந்தவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். சேலை அவர் தேர்ந்ததா, அவர்மேல் போர்த்தப்பட்டதா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

எங்கள் பக்கம் பங்குனி, சித்திரைக் கொடைகளில் இன்றைக்கும் வள்ளித் திருமணம் நடக்கிறது. மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பேசிக் கூட்டி வருகிறார்கள். மைக் வந்துவிட்டதால் ஐந்து கட்டைக்கு அவசியமில்லை. நாரதரைத் தர்க்கத்தில் மடக்குகிற வள்ளிக்கு விடிய விடியக் கைதட்டல், ரூபாய் நோட்டு அன்பளிப்பு. விடிந்ததும் டீக்கடையில் அதே வாய்கள் அவளைப் பற்றிப் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது. முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆர்மோனியக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பெட்டியைத் துணியால் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா சேலையை மாத்துச்சு, மேல்சபைக்குப் போச்சு. இந்தப் பிள்ளை மாத்தலை. அந்தா பாருங்க, முக்காடு போட்டுக்கிட்டு மொத பஸ்ஸுக்கு நிக்குது."