சைக்கிள் கடைக்கு வேலைக்கு வந்த சார்லி



பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் ரைட் சகோதரர்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், றெக்கையை அவங்க செஞ்சாங்க, சரி. என்ஜினை யார் சார் செஞ்சது?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "எல்லாம் அவங்களேதான்டா, உட்காரு" என்றேன். அவன் பிறகு ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, இன்று சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்கு நான் பாக்கி வைத்த பதில் இது.

அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் வில்பர், ஆர்வில் இருவரும் சைக்கிள் கடை நடத்தினார்கள். கிளைடர் சோதனைக்காக அவர்கள் கிட்டி ஹாக் கடற்கரைக்குப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 1901 ஜூனில் சார்லி டெய்லரை வேலைக்கு வைத்தார்கள். வேறு இடத்தில் மணிக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு இவர்கள் 30 சென்ட் கொடுத்தார்கள். தினம் பத்து மணி நேரம், வாரம் ஆறு நாள், 18 டாலர். சைக்கிள் ரிப்பேர்தான் வேலை, விமானப் பேச்சே கிடையாது. சகோதரர்களின் தங்கை கேத்தரினுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. கூலிக்கு வந்த ஆளை நம்பிக் கடை நடக்கிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. கேத்தரின் லத்தீன் டீச்சர். நம்ம இனம்தான், என்ன சொல்வது!

1902 கடைசியில் விமானத்துக்கு என்ஜின் வேண்டும் என்று பல கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். எட்டு குதிரைத்திறன் வேண்டும், எடை 90 கிலோவுக்குள் இருக்க வேண்டும். தோதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் கடைக்குள்ளேயே செய்வது என்று முடிவானது. சார்லிக்கு பெட்ரோல் என்ஜின் அனுபவம் என்றால், அதற்கு முன் ஒரு காரின் என்ஜினைச் சரிசெய்யப் பார்த்து முடியாமல் விட்டது, அவ்வளவுதான். ஆனால் உலோகத்தில் அவர் கை பேசும்.

முறையான வரைபடம் கிடையாது. யாராவது ஒருவர் துண்டுத்தாளில் கிறுக்குவார். சார்லி அதைத் தன் மேசைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார். கடையில் இருந்தவை ஒரு லேத், ஒரு துளைபோடும் மெஷின். கிராங்க் ஷாஃப்ட் செய்த விதத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். 31 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான கனமுள்ள எஃகுப் பாளம். அதன்மேல் ஷாஃப்டின் வடிவத்தை வரைந்து, கோட்டின் ஓரமாகவே வரிசையாகத் துளை போட்டு, வேண்டாத பகுதியை உளியும் சுத்தியலும் கொண்டு தட்டி எடுத்தார். அதன் பிறகுதான் லேத்தில் ஏற்றிக் கடைந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பாளம் சுமார் 40 கிலோ வரும். முடிந்த ஷாஃப்ட் எட்டரை கிலோதான்!

எடை குறைய வேண்டுமென்று என்ஜின் உடம்பை அலுமினியத்தில் உள்ளூர் வார்ப்படச் சாலையில் வார்த்து வாங்கினார்கள். ஆறே வாரத்தில் வேலை முடிந்தது. 1903 பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்தார்கள். மறுநாளே பேரிங் இறுகி உடம்பு உடைந்துபோனது. புது வார்ப்பு வர ஏப்ரல் ஆனது. சார்லி மறுபடி பூட்டினார். கேட்டது எட்டு குதிரைத்திறன், கிடைத்தது பன்னிரண்டு. டிசம்பர் 17 அன்று அந்த என்ஜின்தான் 12 வினாடி, 120 அடி பறக்க வைத்தது. அன்று சார்லி அங்கே இல்லை. டேட்டனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பாடு கலிபோர்னியா போனார். நிலத்தில் போட்ட பணம் போயிற்று. ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கு 37 சென்ட் கூலிக்குச் சேர்ந்தார். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது. பழைய சைக்கிள் கடையைத் தன் காட்சிக் கிராமத்தில் நிறுவிய ஹென்றி ஃபோர்டு, 1937இல் இவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிப்போனார். ஆர்வில் தன் உயிலில் சார்லிக்கு ஆண்டுக்கு 800 டாலர் எழுதி வைத்தார். ஆர்வில் இறந்தது 1948 ஜனவரி 30, நம் காந்தியடிகள் சுடப்பட்ட அதே நாள்.

அந்த 800 டாலர் விலைவாசிக்கு எங்கே போதும்? 1955இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஓர் இலவச மருத்துவமனை வார்டில் படுத்திருந்தவரை ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்து எழுதினார். விமானத் தொழில்காரர்கள் பணம் திரட்டி நல்ல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். 1956இல் 87 வயதில் இறந்தார். அதுவும் ஜனவரி 30தான். இன்று அமெரிக்காவில் ஐம்பது வருடம் விமானத் துறையில் வேலை பார்த்த மெக்கானிக்குகளுக்கு அரசு தரும் விருது சார்லி டெய்லர் பெயரில்தான் இருக்கிறது. அவர் பிறந்த மே 24ஐ விமானப் பராமரிப்புத் தொழிலாளர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

கடைசி பெஞ்ச் தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது. அந்த மாதிரி ஒரு ஷாஃப்டை உன் லேத்தில் கடைய எத்தனை நாள் ஆகும் என்றும் சொல்லு. இந்த முறை நான் கேட்டுக்கொள்கிறேன்.