எழுதுகோல் உயர்த்தப்பட்டவரின் எழுத்து

உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, சித்தம் கலங்கியவர் தெளியும் வரை அவர்களிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நாம் நன்கறிந்த நபிமொழியின் கருத்து. அங்கு உயர்த்தப்பட்டது வினைகளைப் பதியும் எழுதுகோல். மாந்தர்களோ சித்தம் கலங்கியவரின் கையிலிருந்த எழுதுகோலையும் பறித்துக்கொண்டனர்.

அதைப் பறிகொடாத ஒருவர் ஜெர்மானிய நீதிபதி டேனியல் பால் ஷ்ரேபர். 1893இல் டிரெஸ்டன் உயர்நீதிமன்றத்தில் அமர்வுத் தலைவரான அவர், அவ்வாண்டே நோயுற்று மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இறைவனின் கதிர்கள் தம் நரம்புகளைத் தாக்குவதாகவும், உலகை மீட்கத் தாம் பெண்ணாக மாற்றப்படுவதாகவும் நம்பினார். அந்நம்பிக்கைகளை மறைக்காமலே தம் வழக்கைத் தாமே எழுதி வாதிட்டு, 1902இல் சட்ட உரிமைகளை மீட்டார். 1903இல் அவருடைய நினைவுக் குறிப்புகள் நூலாயின.

ஷ்ரேபரை ஒருமுறையும் சந்திக்காத சிக்மண்ட் ஃபிராய்ட், அந்நூலை மட்டுமே கொண்டு 1911இல் தம் ஆய்வை வெளியிட்டார். நோய் என நாம் கருதும் பிரமை, உண்மையில் இடிந்துபோன உலகை மீண்டும் கட்டியெழுப்ப நோயாளி மேற்கொள்ளும் முயற்சி என்பதே அவர் கற்ற பாடம். நோயின் காரணத்தை அவர் அடக்கப்பட்ட இச்சையில் தேடினார். 1950களில் வில்லியம் நீடர்லாந்து வேறொன்றைக் கண்டார். ஷ்ரேபரின் தந்தை மோரிட்ஸ், குழந்தைகளை நிமிர்ந்திருக்கச் செய்யக் கருவிகள் வடித்த மருத்துவர். மார்பு நெரிவதாகவும் தலை அழுந்துவதாகவும் மகன் எழுதியவற்றில் அக்கருவிகளின் தடம் தெரிந்தது. பிரமைக்குள்ளும் ஒரு வரலாறு புதைந்திருந்தது. விளக்கங்கள் மாறின, நோயாளியின் எழுத்து நின்றது.

இத்தகைய செவிமடுத்தல் நம் மரபுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 406இல் மறைந்த அபுல் காஸிம் அந்நைஸாபூரீ, பித்தர் எனப்பட்டோரின் கூற்றுகளையும் கவிதைகளையும் ‘உகலாவுல் மஜானீன்’ என்னும் நூலில் தொகுத்தார். ஹாரூன் ரஷீத் காலத்து புஹ்லூல் அவர்களுள் புகழ்பெற்றவர்.

இம்மரபுக்குரிய நம் மண்ணில்தான், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. ஆயினும் சங்கிலியை அகற்றுவது பாதிக் கடமையே. ஏர்வாடியானாலும் எங்கள் மாரண்டஹள்ளியானாலும், அவர் சொல்வதை அமர்ந்து கேட்பதும், அவர் எழுத விரும்பினால் தாளைக் கொடுப்பதும் எஞ்சிய பாதி. அந்த 28 பேரும் எப்படி இறந்தனர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தனர் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?