சூனியக்காரிகளின் மதம் எது?

பேகன் மதமும் சூனியமும் ஒன்றே என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

'பாகானுஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். அதிலிருந்து வந்ததே 'பேகன்'. கிறிஸ்தவம் பரவிய பின்பும் பழைய தெய்வங்களை வணங்கியோரை இப்படி அழைத்தனர். சூனியக்காரி என்பதோ ஒரு குற்றச்சாட்டு. ஏறத்தாழ 1450 முதல் 1750 வரை ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேர் வரை இக்குற்றச்சாட்டின் பேரில் கொல்லப்பட்டனர் என்பது வரலாற்றாளர்களின் கணிப்பு. இவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இவர்கள் யார்? கிறிஸ்தவத்துக்கு முந்தைய வளமைச் சமயம் ஒன்றை இரகசியமாகப் பின்பற்றியவர்கள் என்றார் எகிப்தியவியல் அறிஞர் மார்கரெட் மர்ரே. அவரது நூல் 1921-ல் வெளிவந்தது. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்திலும் சூனியம் பற்றிய கட்டுரையை அவரே எழுதியதால், இக்கருத்து உலகெங்கும் பரவியது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் பின்னர் மலாயா சுங்கத் துறையிலும் வேலை பார்த்தவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். பிரிட்டனின் 1735-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டது. அதன்பின் 1954-ல் கார்ட்னர் ஒரு நூல் எழுதி, அந்தப் பழஞ்சமயம் இன்னும் உயிரோடு இருப்பதாக அறிவித்தார். அதற்கு முன்னுரை தந்தவர் மர்ரே! இன்றைய 'விக்கா' மதம் பரவியது இப்படித்தான்.

1975-ல் நார்மன் கோன் என்ற வரலாற்றாளர் மர்ரேயின் சான்றுகளை மூல ஆவணங்களோடு ஒப்பிட்டார். வாக்குமூலங்களில் இருந்த வானில் பறந்தது, விலங்காக மாறியது போன்ற பகுதிகளை மர்ரே வெட்டிவிட்டிருந்தார். அவற்றை நீக்கியதால்தான் எஞ்சியது உண்மையான வழிபாட்டுக் கூட்டம் போலத் தெரிந்தது. அந்த வாக்குமூலங்கள் பலவும் சித்திரவதையில், விசாரித்தவர்களின் கேள்விகளுக்கு ஏற்பப் பிறந்தவை.

கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்ற சாதாரணக் கிறிஸ்தவர்களே. மாடு செத்தது, குழந்தைக்கு நோய் வந்தது, அண்டை வீட்டாரோடு சண்டை என்பவையே பல வழக்குகளின் தொடக்கம்.

விக்கா 20-ஆம் நூற்றாண்டில் தோன்றிய மதம். புதியது என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் கொல்லப்பட்டவர்கள் இரகசிய மதத்தினர் என்று சொல்வது, அவர்களுக்குத் தீர்ப்பெழுதிய நீதிபதிகளின் பொய்யில் பாதியை ஏற்றுக்கொள்வதாகும்.