303 துவக்கா, மவுசர் துவக்கா? – சிலாவத்துறைக் காட்டோரத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

துவக்குக் குழலின் உள்விட்டத்தைக் 'கலிபர்' என்பார்கள். கனடாவிலும் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறிய நம்மவர் சிலர், அந்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்று வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கும் போகிறார்கள். பழைய துவக்குகளில் நாட்டமுள்ளவர்களிடையே ஓயாத விவாதம் ஒன்றுண்டு: .303 நல்லதா, 7 மில்லிமீற்றர் மவுசர் நல்லதா? நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கேள்வி இது. இதன் பின்னால் ஒரு பேரரசின் யுத்தமும், இலங்கையின் வேட்டைச் சட்டங்களும், மன்னார்க் கரையோரத்து ஏழை வெடிகாரனின் கதையும் இருக்கின்றன. இவற்றை ஒருசேர எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

சிலாவத்துறை என்றதும் முத்துக்குளிப்புத்தான் நினைவுக்கு வரும். அருவி ஆற்றுக்குத் தெற்கே, கொண்டச்சிக் குடாவை ஒட்டிய கரை அது. பக்கத்து ஊரான அரிப்பில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்று தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, கடலரிப்பில் இடிந்து கிடக்கிறது. அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் வேறொரு சிலாவத்துறை தெரியும். முசலிப் பகுதியின் வயல்களைக் கடந்தால் காடு. தெற்கே மோதரகம் ஆற்றுக்கு அப்பால் வில்பத்து. யானையும் கரடியும் சிறுத்தையும் மரையும் மானும் பன்றியும் உலவிய இந்தக் காட்டையும் நம்பித்தான் இக்கரையின் குடும்பங்கள் பல வாழ்ந்தன.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை, வெள்ளைக்கார வேட்டைக்காரரின் சொர்க்கமாக விளங்கியது. 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்படுகிறார். யானையைக் கொல்வோருக்கு அரசாங்கமே தலைக்குச் சில சில்லிங் சன்மானம் கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். அக்காலத்தில் மன்னாரும் வடமாகாணத்துக்கு உட்பட்டதே.

அக்காலத்து வேட்டைக்காரருக்குக் கலிபர் பற்றிய ஐயம் இருக்கவில்லை, பெரிதே நல்லது. கரும்மருந்தால் குண்டின் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. வேகம் கூடாதவிடத்து எடையைத்தானே கூட்ட வேண்டும்? நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வைத்திருந்த பெருந்துவக்கு 21 இறாத்தல் எடை கொண்டது. அதன் குண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம். காடுகளில் திரிந்த முஸ்லிம் வியாபாரிகளின் துவக்குகள் எவ்வளவு மட்டமானவை என்றும் பேக்கர் எழுதினார். அந்த மட்டமான துவக்கை வைத்திருந்தவனுக்கு வேட்டை பொழுதுபோக்கு அல்ல என்பதை அவர் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

1880களில் பிரான்சில் புகையில்லா வெடிமருந்து கண்டுபிடிக்கப்பட்டதும் இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. வேகம் கூடியது, குழல் சிறுத்தது. பிரித்தானிய இராணுவம் .450 அங்குல மாட்டினி ஹென்றியைக் கைவிட்டு 1888இல் .303 விட்டத்துக்கு மாறியது. ஜேர்மனியின் மவுசர் தொழிற்சாலை 1890களின் தொடக்கத்தில் 7 மில்லிமீற்றர் ரவையை உருவாக்கியது. இதன் குண்டு 11.2 கிராம், பேக்கருடையதில் பத்தில் ஒரு பங்கு!

இவ்விரண்டும் நேருக்கு நேர் சந்தித்தது தென்னாபிரிக்காவில். 1899இல் மூண்ட போவர் யுத்தத்தில் போவர்களின் கையில் மவுசரும் பிரித்தானியரின் கையில் .303 உம் இருந்தன. அன்றைய .303 குண்டு ஏறத்தாழ 14 கிராம் எடையுடன் வினாடிக்குச் சுமார் 600 மீற்றர் வேகத்தில் சென்றது. மவுசர் குண்டு எடை குறைந்தது. வேகமோ சுமார் 700 மீற்றர். வேகம் கூடினால் குண்டின் பாதை தட்டையாகும். தூரத்தைச் சற்றுப் பிழையாகக் கணித்தாலும் குறி தப்பாது. ஐந்து ரவைகளை ஒரே தள்ளில் நிரப்பும் வசதியும் மவுசருக்கு இருந்தது. சிறுவயதிலிருந்தே மான் சுட்டுப் பழகிய குடியானவர்களின் கையில் அது என்ன செய்தது என்பதைப் பிரித்தானியர் விரைவிலேயே உணர்ந்தனர். 1910இல் .303 குண்டின் எடையை 11.3 கிராமாகக் குறைத்து வேகத்தைக் கூட்டியதும், 1913இல் .276 விட்டத்தில் புதிய துவக்கைச் சோதித்ததும் அந்தப் பாடத்தின் விளைவுகளே. 1914இல் உலக யுத்தம் வந்ததால் அந்த .276 திட்டம் கைவிடப்பட்டது.

அந்த யுத்தத்தின் நிழல் இலங்கையிலும் விழுந்தது. தியத்தலாவையில் ஆயிரக்கணக்கான போவர் கைதிகள் அடைக்கப்பட்டனர். யுத்தம் முடிந்த பின்னும் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து இங்கேயே தங்கிவிட்டவர் எங்கல்பிரெக்ட். யால சரணாலயத்தின் முதற் காவலராக அவர் நியமிக்கப்பட்டார். அவரது காவற் காலத்தின் ஒரு பகுதியில் அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் லெனாட் வுல்ஃப். அதே வுல்ஃப்தான் 1906இல் சிலாவத்துறைக்குத் தெற்கேயுள்ள மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்புக் கடமையில் இருந்தவர். 1913இல் வெளியான அவரது நாவலான 'காட்டுக்குள் ஒரு கிராமம்' ஒரு வேட்டைக்காரக் கிராமத்தானின் கதை. தனக்கு விளங்காத சட்டங்களின் கீழ் அவன் நசுங்கிப்போகிறான்.

கலிபர் கதைக்குத் திரும்புவோம். பெருங்குண்டே வேண்டும் என்ற நம்பிக்கையை உடைத்தவர் ஸ்கொட்லாந்துக்காரரான பெல். ஆபிரிக்காவில் அவர் கொன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளிற் பெரும்பாலானவை 7 மில்லிமீற்றர் ரவைக்கே விழுந்தன. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்து சுட்டவர் அவர். ரொஜர்ஸும் ஆயிரம், பெல்லும் ஆயிரம். குண்டின் எடையிலும் கூடுதலாக, அது போய்ச் சேரும் இடமே முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஜிம் கோர்பெட் 1926இல் உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையைச் சுட்டதும் .275 றிக்பியால். அது 7 மில்லிமீற்றர் மவுசரின் ஆங்கிலப் பெயர். மாறாக, தமிழ்நாட்டின் சேலம், தருமபுரிக் காடுகளில் திரிந்த கென்னத் அண்டர்சன் .405 வின்செஸ்டரையே நம்பினார்.

போட்டிச் சுடுதலுக்கோ அளவுகோல் வேறு. கடதாசிக் குறியைக் கொல்லத் தேவையில்லை. பின்னுதைப்புக் குறைவாக, ரவை மலிவாக, ஒவ்வொரு வெடியும் ஒரே இடத்தில் விழுவதாக இருந்தால் போதும். போவர் யுத்தத்தில் தம் வீரர்களின் குறி தவறியதைக் கண்ட தளபதி ரொபர்ட்ஸ், சாதாரண மக்களும் சுடப் பழக வேண்டும் என்று இங்கிலாந்தில் இயக்கம் நடத்தினார். அதற்குப் பயன்பட்டது சின்னஞ்சிறிய .22. ஆக, வேட்டைக்கும் குறிக்கும் ஒரே துவக்கு என்று தேடுபவர் இரண்டிலும் சற்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் நடைமுறையில் கலிபரைத் தெரிவு செய்தது பெரும்பாலும் சட்டமே. கலகக்காரரின் கைக்கு இராணுவ ரவைகள் போய்விடும் என்ற அச்சத்தில், 1907 அளவில் இந்தியாவுக்குள் .450 விட்டத்துத் துவக்குகளை இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. உடனே ஆங்கிலத் துவக்குத் தொழிலகங்கள் .465, .470, .475 என்று புதிய விட்டங்களைப் படைத்தன. சுதந்திர இந்தியாவிலும் .303 தடைசெய்யப்பட்ட விட்டமாகவே நீடித்தது. அதனாற்றான் அரச தொழிற்சாலையின் .315 அங்கே குடிமக்களின் துவக்காயிற்று.

எங்கள் காட்டோரத்து வெடிகாரனுக்கு இந்தத் தெரிவு எதுவும் வாய்க்கவில்லை. அவன் கையில் இருந்தது, வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு இடித்து நிரப்பும் 'இடியன்'. குழல் எந்த அளவோ, அதுவே கலிபர். 1905இல் வில்பத்து சரணாலயமாயிற்று. 1938இல் தேசிய பூங்காவாயிற்று. 1916இன் சுடுகலன் சட்டமும் 1937இன் வனசீவராசிகள் சட்டமும் வந்தன. காட்டைக் காக்க இவை அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், சன்மானத்துக்கு யானை சுட்டவர்களின் வாரிசுகள் வனக் காவலரானபோது, பயிரைக் காக்கப் பன்றி சுட்டவன் கள்ள வேட்டைக்காரன் ஆனான். பாதையிற் கயிறு கட்டி வைக்கும் 'கட்டுத்துவக்கு' இன்றும் யானையின் காலையும், சிலவேளை விவசாயியின் காலையும் சிதைக்கிறது.

பிறகு வந்தது எங்கள் யுத்தம். 1971 கிளர்ச்சிக் காலத்தில் பெரும்பாலும் .303 உடன் நின்ற இராணுவத்தின் கைக்குச் சீனத்து ரி-56 வந்தது. அதன் 7.62 மில்லிமீற்றர் ரவை, தமிழ்ச் சிறுவருக்கும் பெயர் தெரிந்த பொருளாயிற்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிப் பகுதி வெறிச்சோடியது. 1991 மார்ச்சில் சிலாவத்துறை முகாம் மீது தாக்குதல் நடந்தது. 2007 செப்டெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. மீள வந்த மக்கள் தம் காணிகளிற் கடற்படை முகாமைக் கண்டார்கள்.

எனவே, வேட்டைக்கு எது சிறந்தது என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான். .303 உம் 7 மில்லிமீற்றரும் தத்தம் அளவில் நல்லவையே. மானுக்கு இரண்டும் போதும். நோகாமல் சுட்டு, குறித்த இடத்திற் பட வைக்க எதனால் முடிகிறதோ அதைக் கொள்ளுங்கள். குறிபார்த்துப் பழக .22 போதும். ஆனால் 'எந்தக் கலிபர்' என்று அமைதியாக உட்கார்ந்து தெரிவு செய்ய முடிவது ஒரு பாக்கியம். முசலிக் காட்டோரத்தில் அந்தப் பாக்கியம் ஒரு தலைமுறைக்கும் கிட்டவில்லை. அங்கே துவக்கைத் தெரிந்தெடுத்தவர்கள் எப்போதும் வேறு யாரோதான்.